இரண்டாவது பிரேக்கும் ஒரு தட்டு பான்கேக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டரை எழுப்பக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலேயே அது சட்டமாக இருந்தது. வெயில் ஜன்னல் வழியாக ஏறி வந்து அவர் தலையணையைத் தொடும். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் ஒரு கண்ணைத் திறப்பார். பக்கத்து மேஜையில் டீ இருக்கும், செய்தித்தாள் இருக்கும். இரண்டும் எப்படி வந்தன என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

அந்தத் தூக்கத்துக்கு அவர் தகுதியானவர்தான். மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கிளட்ச் எது ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாத மனிதர்களுக்குப் பக்கத்தில், வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வலது பக்கம் திருப்பச் சொன்னால் கையை விட்டுவிட்டுக் கும்பிடுகிற ஆட்களையெல்லாம் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை வேறொரு டீச்சரம்மா எடுத்துப் போவார். மாஸ்டருக்குப் போர்வைதான் பாடசாலை.

அவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். முதல்நாள் பாடத்தில் மாணவர் என்ன மிதித்தாலும் சரி, வண்டியை நகர்த்துவது, நிறுத்துவது, திருப்பத்தில் அடக்குவது எல்லாம் மாஸ்டரின் கால்கள்தான். கடைசியில் மாணவர் வேர்த்து விறுவிறுத்து, "நானா சார் இவ்வளவு தூரம் ஓட்டினேன்?" என்று கேட்பார். மாஸ்டர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "நீங்களேதான் ஓட்டினீங்க. நான் காலைத் தரையிலதான் வெச்சிருந்தேன்" என்பார். மாணவருக்குக் கால் தரையில் பாவாது. மறுநாள் மச்சானையும் சேர்க்க அழைத்து வருவார்.

இந்த ரகசியத்தை மாஸ்டர் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார். அது அவர் மனைவி. சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடுகிற ஆள் இல்லை அவள்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. தெருவே அவளை மருந்தம்மா என்றுதான் கூப்பிடும். எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வீட்டிலும் அப்படித்தான். உப்பு டப்பாவில் 'உப்பு', சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', டீத்தூள் டப்பாவில் 'டீத்தூள்' என்று பெரிய பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். மாஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. சாலையில் போர்டைப் பார்த்து நம்புகிறவன்தான் வீடு போய்ச் சேருவான் என்பது அவர் வகுப்பில் முதல் பாடம். தவிர, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட வேண்டிய வயதாகியும் அவர் போட மறுத்துக்கொண்டிருந்தார். பொடி எழுத்து எல்லாம் அவருக்கு எறும்பு ஊர்வலம். மனைவியின் கொட்டை எழுத்துதான் கண்கண்ட தெய்வம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் கோதுமை வந்து விழுந்தது.

மருந்தம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வயிறு உப்புசம். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்னும் பசை அவள் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அன்றோடு அந்த வீட்டில் ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் நாடு கடத்தப்பட்டன. மாஸ்டர் ரொம்ப வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "உனக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன்மா" என்று உணர்ச்சி பொங்கச் சொன்னார். சொன்னதுதான் தப்பு.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மருந்தம்மா அந்த வார்த்தையைக் கையில் எடுத்தாள்.

"என்னங்க, என்ன வேணும்னாலும் செய்வேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"இனிமே ஞாயித்துக்கிழமை காலை டிபன் நீங்க பண்ணிடுங்க. எனக்குக் காலையில வெளிய கொஞ்சம் வேலை இருக்கு. கோதுமை இல்லாத பான்கேக். உடம்புக்கும் நல்லது, செய்யறதும் சுலபம்."

மாஸ்டருக்கு வண்டி திடீரென்று ரிவர்ஸில் போனது போல இருந்தது. வெளியே என்ன வேலை என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கண்முன் அவருடைய போர்வை மெல்ல மெல்லத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மருந்துக்கடையில் சொல்வது போலவே செய்முறையைச் சொன்னாள். அரிசி மாவு, நன்றாகப் பிசைந்த வாழைப்பழம், முட்டை, பால், கொஞ்சம் பேக்கிங் பவுடர். இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரே ஒரு சிட்டிகை உப்பு. நிதானமான தீயில் வார்த்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொல்லலாம். சொன்னால் அந்த 'என்ன வேணும்னாலும்' ஆயுசுக்கும் அவரைத் துரத்தும். மாஸ்டர் பல்லைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் சனிக்கிழமை மொட்டை வெயிலில் பால்கனிக்குப் போய் நின்றார்.

பக்கத்துப் பால்கனியில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் பார்வைக் கோளாறுகளையெல்லாம் தீர்த்துவைப்பவர் என்பதால், குடும்பக் கோளாறுகளையும் தம்மால் தீர்க்க முடியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மாஸ்டர் தம் குறையைக் கொட்டினார்.

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், நம்ம வீட்டுக்காரி ஒரு தடவை என்னைத் துணி துவைக்கச் சொன்னா. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நான். சந்தோஷமாச் செஞ்சேன். வெள்ளைச் சட்டை எல்லாத்தையும் சிவப்புப் போர்வையோட சேர்த்து மெஷின்ல போட்டேன். அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் அந்த மெஷின் பக்கம் என்னை விடறதில்ல."

"அடேயப்பா."

"ஒரே ஒரு தடவை செய்யணும். ஆனா கேவலமாச் செய்யணும். அதான் சூட்சுமம்."

மாஸ்டர் அவரைக் கண்கொட்டாமல் பார்த்தார். என்ன மூளை, என்ன மூளை. அந்த மூளைக்குச் சொந்தக்காரர் அன்று போட்டிருந்த சட்டை வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. அவரிடம் இருந்த எல்லாச் சட்டையும் அந்த நிறம்தான். பல வருஷமாக அவர் கடைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார் என்பதும், இதில் ஜெயித்தது யார் என்பதும் மாஸ்டரின் புத்திக்கு எட்டவில்லை. அதேபோல, கண்ணாடிக்காரர் மனைவி கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதில் மட்டும்தான் கோளாறு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. யாரும் எழுப்பாமலே மாஸ்டர் எழுந்தார். போருக்குப் போகிறவர் போல இடுப்பில் துண்டைக் கட்டினார். "நான் சமைக்கும்போது யாரும் உள்ள வரக்கூடாது. பக்கத்துல நின்னு இதைப் போடு, அதை எடுன்னு சொன்னா எனக்குக் கை ஓடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மருந்தம்மா சரி என்று தலையாட்டினாள். ஒரு முறம் நிறைய பீன்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்கப் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நார் உரிக்க ஆரம்பித்தாள். கேஸ் சிலிண்டரும் அங்கேதான் இருந்தது. அதிலிருந்து குழாய் சுவர் வழியாகச் சமையலறை அடுப்புக்கு வரும். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று மாஸ்டருக்கு ஒரு நொடி மனசு உறுத்தியது. அதை ஒதுக்கிவிட்டுக் காரியத்தில் இறங்கினார்.

மாவைக் கொட்டினார். பழத்தைப் பிசைந்தார். முட்டையை உடைத்ததில் ஓடு பாதி உள்ளே விழுந்தது. அதைப் பொறுக்கி எடுத்தார், ஏனென்றால் அவர் அயோக்கியர் இல்லை. மனைவியின் தொண்டையில் ஓடு குத்த வேண்டும் என்பது திட்டத்தில் கிடையாது. சாப்பிட முடியாமல் இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். பாலை ஊற்றினார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'உப்பு' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த டப்பாவை எடுத்தார். அதிலிருந்து கூம்பு கூம்பாக இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார். பேருக்கு இருக்கட்டும் என்று 'சர்க்கரை' டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை தூவினார். இரண்டும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன.

அடுத்தது இரண்டாம் கட்டம். கலக்கிய மாவை அப்படியே போட்டுவிட்டுச் செய்தித்தாளோடு நாற்காலியில் சாய்ந்தார். காயட்டும், புளிக்கட்டும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று விளையாட்டுப் பக்கம் முழுவதையும் படித்தார். அரிசி மாவு நிதானமாகப் பாலில் ஊறினால்தான் பான்கேக் மெத்தென்று வரும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் நல்லது செய்யத் தெரிந்து செய்தவர் இல்லை, கெட்டது செய்யப்போய்ச் செய்துவிட்டவர்.

மூன்றாம் கட்டம், தீ. மருந்தம்மா ஒரு தட்டையான வாணலியை எடுத்து வைத்திருந்தாள். அதை அடுப்பில் வைத்துக் குமிழைக் கடைசி வரை முறுக்கினார். நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்து பான்கேக் கரிக்கட்டையாக வேண்டும். ஆனால் தீ ஓரளவுக்குத்தான் வந்தது. மாஸ்டர் குமிழை மறுபடி முறுக்கினார். தீ இன்னும் கொஞ்சம் தணிந்தது. வாணலியைத் தூக்கிப் பார்த்தார், அடுப்பை ஊதிப் பார்த்தார், வண்டி டயரைத் தட்டுவது போலத் தட்டியும் பார்த்தார். அது தன் பாட்டுக்கு நிதானமாக, நீலமாக எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் பீன்ஸ் நார் உரிகிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

வேறு வழியில்லை. வார்த்தார். மேலே குமிழ் குமிழாக வந்தது. திருப்பிப் போட்டார். அடிப்பக்கம் பொன்னிறமாக இருந்தது. பரவாயில்லை, பார்க்க எப்படி இருந்தால் என்ன, உள்ளே இரண்டு கரண்டி உப்பு இருக்கிறதே என்று மாஸ்டர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தேனை ஊற்றி, மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

மருந்தம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"டாக்டர்கிட்ட போனதுக்கப்புறம் வாய்க்கு ருசியா நான் சாப்பிடறது இதுதாங்க முதல் தடவை" என்றாள் மருந்தம்மா.

மாஸ்டரை மனசாட்சி அரிக்க ஆரம்பித்தது. பாவி மனுஷா, வாய் கரிக்கக் கரிக்க, உன் மனசு நோகக் கூடாதென்று அவள் மென்று முழுங்குகிறாளே, ஏற்கனவே வயிறு சரியில்லாதவள் ஆயிற்றே என்று அது அவரைக் குத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்காக இப்படிப்பட்டவளுக்கு உப்பைக் கொட்டினேனே என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் மூன்றாவது துண்டை எடுத்தபோது தாவித் தட்டைப் பிடித்தார்.

"வேணாம்மா. விட்டுடு. நான் உனக்கு வேற ஏதாவது வாங்கிட்டு வர்றேன்."

"ஏங்க? நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

தண்டனை என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் ஒரு பெரிய துண்டை வாயில் திணித்துக்கொண்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். மறுபடி மென்றார். மெத்தென்று இருந்தது. பழ வாசனை, அளவான இனிப்பு, அந்த இனிப்பைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி நாக்கின் ஓரத்தில் துளி உப்பு. மாஸ்டர் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பான்கேக் சாப்பிட்டதில்லை.

அது எப்படி முடியும் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் தன் கையால் செய்தது நன்றாக வந்துவிட்டால், எந்த ஆண்பிள்ளைக்கு யோசனை வரும்? மாஸ்டருக்குப் பெருமைதான் வந்தது. உப்பு, சூழ்ச்சி, போர்வை எல்லாம் மறந்துபோனது. கைப்பக்குவம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வரும் போலிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துக் கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் கதவைத் தட்டினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி கண்ணாடிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நுழைந்தார். ஒரு வாய் சாப்பிட்டதும் அந்த முகம் மாறிப்போனது. அடுத்த வாய்க்குள் மாஸ்டரிடம் ரகசியமாக, "என்ன மாஸ்டர், சொதப்பிட்டீங்களே, இது நல்லா இருக்கே" என்றார். மாஸ்டர் காதில் விழாதது போல நகர்ந்து, கண்ணாடிக்காரர் மனைவி தட்டில் இன்னொன்று வைத்தார்.

"அண்ணாவுக்கு இப்படியெல்லாம் வரும்னு தெரியாமப் போச்சே அக்கா" என்று அந்த அம்மாள் மருந்தம்மாவிடம் ஆச்சரியப்பட்டாள். "இதை வாராவாரம் செஞ்சா என்னவாம்?"

மாஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. "செஞ்சா என்ன, செய்யப் போறேன்" என்றார் கரண்டியை உயர்த்தி. "இன்னிக்குச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வீட்டுல இனிமே ஞாயித்துக்கிழமை காலை டிபன் என் பொறுப்பு. வேற யாரும் அடுப்புப் பக்கம் வரக்கூடாது."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

மருந்தம்மா எல்லோருக்கும் டீ கொண்டு வந்து வைத்தாள். மற்றவர்கள் டீயில் சர்க்கரை போட்டாயிற்று, உங்களுக்கு மட்டும் போட மறந்துவிட்டேன் என்று மாஸ்டரிடம் சொன்னாள். ஜெயித்த மனிதர் துள்ளலாகச் சமையலறைக்குப் போனார். 'சர்க்கரை' டப்பாவைத் திறந்து, வழக்கத்தை விட ஒரு கரண்டி கூடவே போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். நடுநாயகமாக உட்கார்ந்து ஒரு பெரிய மடக்குக் குடித்தார்.

கடல் தண்ணீர்.

மாஸ்டர் கண்ணில் நீர் முட்டியது. துப்ப வாயைக் குவித்தார். எதிரே மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், பச்சை விளக்கு எரிந்து வெகுநேரம் கழித்து நகரும் வண்டி மாதிரி, அவர் மூளை மெல்ல நகர்ந்தது. சர்க்கரை டப்பாவில் உப்பு. அப்படியானால் உப்பு டப்பாவில் சர்க்கரை. சீட்டு மாறியிருக்கிறது. ஏன் மாற்றினாய் என்று அவளைக் கேட்டுவிடலாம். கேட்டால் அடுத்த கேள்வி அவளிடமிருந்து வரும். சீட்டு மாறியிருந்தும் பான்கேக் எப்படி இனித்தது, நீங்கள் எந்த டப்பாவில் கைவிட்டீர்கள் என்று அவள் கேட்பாள். விருந்தாளிகள் முன்னால் கேட்பாள்.

"டீ எப்படிங்க இருக்கு?" என்றாள் மருந்தம்மா.

மாஸ்டர் வாயில் இருந்ததை விழுங்கினார். "நல்லா இருக்கு" என்றார்.

"குடிங்க, ஆறிடப் போகுது."

மாஸ்டர் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண்ணாடிக்காரர் மனைவிக்கு மட்டும் என்னவோ புரையேறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிப் பக்கம் ஓடிப்போனாள்.

கீழே தெருவில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. மாஸ்டருக்கு அந்த ஹாரனைத் தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும். அது அவருடைய பயிற்சிக் காரின் ஹாரன். எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா காரின் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, சுற்றி வந்து, மாஸ்டர் உட்காரும் பக்கம் ஏறிக்கொண்டார். டிரைவர் சீட் காலியாக யாருக்கோ காத்திருந்தது.

மருந்தம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இதற்கு முன்னால் ஒரு தடவை மாஸ்டர் தன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போயிருக்கிறார். முதல் ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் சண்டை முற்றி, "இந்த ஜென்மத்துல உனக்கு ஸ்டியரிங் வராது" என்று அவர் சாபம் கொடுக்க, அவள் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. அது ஞாபகம் வந்ததும் மாஸ்டருக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. கொஞ்ச காலமாகத் திங்கட்கிழமை காலைகளில் அவர் காரில் ஏறும்போது டிரைவர் சீட் முன்னால் இழுத்து விடப்பட்டிருக்கும், பின்னால் பார்க்கிற கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். யாரோ ஒரு குட்டை மாணவி என்று அவர் வீட்டில் வந்து மனைவியிடமே அலுத்துக்கொண்டிருக்கிறார். அவளும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க தூங்கிட்டு இருக்கும்போது போய்ட்டு வந்துட்டுதான் இருந்தேன்" என்றாள் மருந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டே. "டெஸ்ட் வருது. இனிமே பெரிய ரோட்டுல ரொம்ப நேரம் ஓட்டணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. டிபனுக்கு என்ன பண்றதுன்னு கவலையா இருந்துச்சு. நீங்க இவ்வளவு நல்லாச் செய்வீங்கன்னு நினைக்கவே இல்லைங்க."

மாஸ்டருக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதிக்குக் காரணம் உப்பு. "நானா செஞ்சேன்?" என்று மட்டும் ஈனசுரத்தில் கேட்டார்.

மருந்தம்மா முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். "நீங்களேதான் செஞ்சீங்க. நான் காலைத் தரையிலதான் வெச்சிருந்தேன்."

படியில் இறங்கப் போனவள் திரும்பி, "சிலிண்டர் வால்வை இப்ப முழுசாத் திறந்து விட்டிருக்கேன், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டர் பால்கனியில் நின்று பார்த்தார். அவள் சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சாய்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள், பின்னால் பார்த்தாள், வண்டியை எடுத்தாள். குலுக்கல் இல்லை. திருப்பத்தில் வேகத்தை அளவாகக் குறைத்து, அழகாக வளைத்துக்கொண்டு போனாள். எத்தனையோ பேருக்குக் குற்றம் கண்டுபிடித்த கண்கள் அவை. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

உள்ளே கண்ணாடிக்காரர் காலித் தட்டைத் தட்டினார். "மாஸ்டர், மாவு மிச்சம் இருந்தா இன்னொண்ணு கிடைக்குமா?"

அந்த ஒரு வார்த்தையில் மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யார் என்ன சொன்னாலும் வார்த்தது அவர் கைதானே, திருப்பிப் போட்டது அவர் கரண்டிதானே. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். காலையில் செய்தது போலவே வாணலியை வைத்தார், மிச்ச மாவை ஊற்றினார், குமிழைக் கடைசி வரை முறுக்கினார். தீ குப்பென்று வாணலியைச் சுற்றி மேலே எழுந்தது. மாஸ்டர் பின்வாங்கித் துண்டைத் தேடி எடுப்பதற்குள் சமையலறை முழுக்கப் புகை.

ரோஜா நிறச் சட்டை கதவோரம் வந்து நின்று எட்டிப் பார்த்தது. வாணலியில், புதிதாகப் போட்ட தார் ரோட்டின் ஒரு துண்டு மாதிரி, வட்டமாக, கறுப்பாக ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அன்று காலை யார் துணையும் இல்லாமல் மாஸ்டர் தானே செய்த பான்கேக் அது ஒன்றுதான்.